குப்பையில் எழும் கூரை: தீயைக் கேட்காமல் கட்டலாமா?

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டாரத்தில் கூரை என்றால் நெடுங்காலம் கீற்றுதான். தென்னங்கீற்று, பனையோலை, சவுக்குக் கழி, கயிறு எல்லாம் உள்ளூரிலேயே கிடைத்தன. 1968-இல் ஆரோவில் தொடங்கியபோது பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள்கூடத் தொடக்கத்தில் இதே சவுக்கும் கீற்றும் கொண்டுதான் குடில் போட்டுக்கொண்டார்கள். கோடை வெயிலுக்கு அதைவிட இதமான கூரை இல்லை. ஆனால் அதற்கு இரண்டு பகை உண்டு. ஒன்று புயல். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல் இந்தக் கரையோரக் கூரைகளை என்ன பாடு படுத்தியது என்பதை ஊர்க்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. இன்னொன்று தீ. அடுப்புப் பொறி, மின்கசிவு, பட்டாசு என்று எது பட்டாலும் சில நிமிடங்களில் வீடு சாம்பலாகிவிடும்.

அதனால் கீற்று மெல்ல விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. 2030-க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்ற இலக்கோடு 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீடு ஒன்றுக்கு 3.50 லட்சம் ரூபாய் தருகிறார்கள். ஆனால் கான்கிரீட் வீடு கட்டியபின்னும் வெளியே ஒரு சாய்ப்பு வேண்டியிருக்கிறது. மாட்டுக் கொட்டகை, டீக்கடை, மாடியில் ஒரு கூடுதல் அறை, கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில் பயணிகள் தங்கும் குடில் என்று எடை குறைந்த, விலை மலிந்த கூரைக்கும் சுவருக்கும் தேவை குறையவே இல்லை. இப்போதைக்கு அந்த இடத்தைத் தகரமும் தார்பாயும் பழைய பிளக்ஸ் பேனரும் நிரப்புகின்றன.

மறுபக்கம், ஊராட்சிகளில் தூய்மைக் காவலர்கள் தரம் பிரிக்கும் கொட்டகைகளைப் பாருங்கள். தண்ணீர் பாட்டிலையும் பால் கவரையும் காயலான் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். பிஸ்கட் உறை, சிப்ஸ் உறை, ஷாம்பு பாக்கெட் ஆகியவற்றை எவரும் சீண்டுவதில்லை. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு மாநிலத்தில் தடை இருந்தாலும், ஆலையிலேயே பொருளைப் பொதிந்து வரும் இந்த உறைகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. பல அடுக்குகளை ஒட்டிச் செய்தவை என்பதால் பிரித்து உருக்கவும் முடியாது. சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாக அனுப்புவதுதான் பெரும்பாலும் வழி.

இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் எவருக்கும் ஒரு யோசனை வரும். யாருக்கும் வேண்டாத பிளாஸ்டிக்கை, எல்லாருக்கும் வேண்டிய கூரைத் தகடாகவும் கல்லாகவும் பலகையாகவும் மாற்றினால் என்ன? நல்ல யோசனைதான். உலகின் பல இடங்களில் செய்தும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் சிமென்ட் ஆலைக்காரர் அதே குப்பையை எதற்காக வாங்குகிறார்? அது நன்றாக எரியும் என்பதற்காக. சூளையில் எரிபொருளாக இருக்கும் பொருள், சுவராக ஆனதும் எரியாத பொருளாகிவிடுமா?

தீ உருவத்தைப் பார்ப்பதில்லை

வானூர் வட்டத்தில் திருவக்கரை என்ற ஊர் இருக்கிறது. அங்கே உள்ள தேசியக் கல்மரப் பூங்காவில் சுமார் 2 கோடி ஆண்டுகள் பழைமையான மரங்கள் கிடக்கின்றன. பட்டை தெரியும், கணு தெரியும், ஆண்டு வளையம்கூடத் தெரியும். ஆனால் அந்த மரத்தை எந்தத் தீயாலும் கொளுத்த முடியாது. மண்ணில் புதையுண்ட காலத்தில் மரத்தின் கரிமப் பொருள் இருந்த இடத்தை நீரில் கரைந்து வந்த சிலிக்கா பிடித்துக்கொண்டது. பார்வைக்கு மரம், உள்ளே கல்.

பிளாஸ்டிக் செங்கல்லில் நடப்பது இதற்கு நேர்மாறு. பார்வைக்குக் கல், உள்ளே பெட்ரோலியத்தின் பிள்ளை. பால் கவரும் கேரி பேகும் செய்யப்படும் பாலிஎத்திலீன், கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கோத்த நீளச் சங்கிலி. ஒரு கிலோ எரிந்தால் சுமார் 43 மெகாஜூல் வெப்பம் வரும். சமையல் கேஸ் ஒரு கிலோவுக்குச் சுமார் 46 மெகாஜூல். காய்ந்த விறகு 16 முதல் 18 தான்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். பத்தடிக்குப் பத்தடி அறைக்கு 4 மில்லிமீட்டர் தடிப்பில் முழுக்கப் பாலிஎத்திலீன் தகடு வேய்ந்தால் அதன் எடை ஏறத்தாழ 35 கிலோ. அதில் அடங்கிய வெப்பம் 1,500 மெகாஜூல். வீட்டில் இருக்கும் 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்றில் இருப்பது சுமார் 650. ஆக, இரண்டு சிலிண்டருக்கும் அதிகமான எரிபொருளைத் தலைக்கு மேல் பரப்பி வைத்து, அடியில் பாயைப் போட்டுப் படுக்கிறோம்.

எல்லா பிளாஸ்டிக்கும் ஒரே மாதிரி எரிவதில்லை என்பதும் உண்மை. ஒரு பொருள் தொடர்ந்து எரியக் காற்றில் குறைந்தது எத்தனை சதவீதம் ஆக்சிஜன் வேண்டும் என்று அளக்கிறார்கள். நாம் மூச்சுவிடும் காற்றில் இருப்பது 21 சதவீதம். பாலிஎத்திலீனுக்கும் பாலிபுரொப்பிலீனுக்கும் 18 சதவீதமே போதும். அதனால் ஒருமுறை பற்றினால் சாதாரணக் காற்றிலேயே எரிந்து தீர்க்கும். குழாய் செய்யும் கெட்டி பி.வி.சி.க்கு 45 சதவீதம் வரை வேண்டும். அது தானாக எரிந்துகொண்டிருக்காது. ஆனால் தீயின் நடுவே சிக்கினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைக் கக்கும். நுரையீரலின் ஈரத்தில் கரைந்து அமிலமாகும் வாயு அது. பிளக்ஸ் பேனரும் பி.வி.சி.தான் என்றாலும், அதை மடங்கச் செய்வதற்காகச் சேர்க்கும் எண்ணெய்ப்பசைப் பொருள்கள் அதன் தீ எதிர்ப்பை வெகுவாகக் குறைத்துவிடுகின்றன.

கிராமத்துப் பிள்ளைகள் செய்யும் ஒரு விளையாட்டைக் கவனித்திருப்பீர்கள். குச்சியில் கேரி பேகைச் சுற்றிக் கொளுத்திப் பிடிப்பார்கள். பை சுருங்கும், உருகும், பிறகு எரியும் சொட்டுகளாக ஒவ்வொன்றாக ‘ஜிப், ஜிப்’ என்று தரையில் விழும். விழுந்த பின்னும் சில நொடி எரியும். இந்தச் சொட்டில்தான் ஆபத்தின் பாதி இருக்கிறது. மரம் எரிந்தால் மேலே கரி படிந்து உள்ளே இருப்பதைக் கொஞ்சம் காக்கும். பாலிஎத்திலீன் அப்படிக் கரியாவதில்லை. உருகி ஓடும், தீயையும் தன்னோடு கொண்டுபோகும். மேலே பற்றிய தீ இந்தச் சொட்டுகள் வழியே கீழே இருக்கும் பாயையும் துணியையும் எட்டிவிடும்.

ஒட்டுவது எது, ஒட்டிக்கொள்வது எது?

பிளாஸ்டிக் கழிவு சேர்ந்த கட்டுமானப் பொருள்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதுதான் இத்துறையில் நடக்கும் பெரிய குழப்பம். அவற்றைப் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: இதில் பசை எது?

முதல் வகையில் பசை சிமென்ட். தெர்மாகோல் மணிகளையோ அரைத்த பிளாஸ்டிக்கையோ ஜல்லிக்கும் மணலுக்கும் பதிலாகக் கொஞ்சம் சேர்த்து எடையைக் குறைக்கிறார்கள். தெர்மாகோலில் 98 சதவீதம் காற்றுதான். அதனால் ஒரு கன மீட்டர் இலகுவான கான்கிரீட்டில் பாதி இடத்தை மணிகள் அடைத்துக்கொண்டாலும் பிளாஸ்டிக்கின் எடை பத்துக் கிலோ அளவில்தான் இருக்கும். ஒவ்வொரு மணியையும் சிமென்ட் மூடியிருப்பதால் தீக்குத் தீனி எளிதில் கிடைக்காது. 100 டிகிரி செல்சியஸை ஒட்டி மணிகள் சுருங்கி, அங்கே வெற்றிடம் விழும். கல் எரியாது, ஆனால் வலு குறையும். இந்தூரில் மத்திய அரசு முன்மாதிரியாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் சிமென்ட் பலகைகளுக்கு நடுவே தெர்மாகோல் மணி கலந்த கான்கிரீட்டை அடைத்த பலகைகளைப் பயன்படுத்தினார்கள். இது நம்பி நடக்கக்கூடிய பாதை.

இந்த வகையில் ஒரு வியப்பும் உண்டு. சிறிதளவு பிளாஸ்டிக், கான்கிரீட்டைத் தீயிலிருந்து காக்கவும் செய்யும். அடர்த்தியான கான்கிரீட் சட்டென்று சூடேறினால் உள்ளே இருக்கும் ஈரம் நீராவியாகி, வெளியேற வழியின்றிப் பரப்பை வெடித்துச் சிதறடிக்கும். 1996 நவம்பரில் இங்கிலாந்தையும் பிரான்சையும் கடலடியில் இணைக்கும் சுரங்கப் பாதையில் தீப்பிடித்தபோது சுவர்க் கான்கிரீட் இப்படித்தான் சில்லுசில்லாக உதிர்ந்தது. ஒரு கன மீட்டருக்கு ஒன்றிரண்டு கிலோ மெல்லிய பாலிபுரொப்பிலீன் இழைகளைக் கலந்துவிட்டால், 160 டிகிரியைத் தாண்டியதும் அவை உருகி நுண்குழாய்களைத் திறந்துவிடும். நீராவி அமைதியாக வெளியேறிவிடும். சுரங்கப் பாதைகளில் இப்போது இது வழக்கமான முறை.

இரண்டாவது வகையில் பசையே பிளாஸ்டிக். உருக்கிய பிளாஸ்டிக்கில் மணலையோ கிரஷர் தூளையோ கலந்து அச்சில் அழுத்துவார்கள். திருவக்கரையைச் சுற்றிக் கல் குவாரிகளும் கிரஷர்களும் நிறைய இருப்பதால் வானூர்ப் பக்கம் இந்த யோசனைக்குத் தனி ஈர்ப்பு உண்டு. இரண்டு கழிவுகள் சேர்ந்து ஒரு கல். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய ‘பிளாஸ்டோன்’ இந்த இனத்தைச் சேர்ந்தது. ஒரு கல்லுக்குச் சுமார் 300 கேரி பேகும் ஆறு பாட்டிலும் செலவாகும். பிளாஸ்டிக் தார்ச்சாலையை உலகுக்குக் கற்றுக்கொடுத்து 2018-இல் பத்மஸ்ரீ பெற்றவர் அவர். சாலை வேலையில் அவர் கவனமாக நின்ற இடம் வெப்பநிலைதான். ஜல்லியைச் சுமார் 170 டிகிரிக்குள் சூடாக்கினால் பிளாஸ்டிக் உருகி அதன்மேல் படலமாகப் படியும், சிதைந்து நச்சுப்புகை விடாது. அந்த எல்லையை வெகுவாகத் தாண்டினால் கதையே வேறு.

வீட்டில் தீப்பிடித்தால் எல்லை தாண்டாமல் காக்க யாரும் இருக்க மாட்டார்கள். இந்தக் கல்லில் முக்கால் பங்கு கல்தூள் இருந்தால் எரிபொருள் குறையும், பற்றுவது தாமதமாகும். அது நல்லதே. ஆனால் பசை 110 முதல் 160 டிகிரிக்குள் இளகிவிடும். தீப்பற்றுவதற்கு முன்பே கல் தன் பிடியை இழக்கும். சுமை தாங்கும் சுவருக்கு இது ஒவ்வாத குணம். எரியாமலேயே இடிந்து விழும் சுவர் எரியும் சுவரைவிடப் பாதுகாப்பானதல்ல. நடைபாதையிலும் சுற்றுச்சுவரிலும் இதே கல் ஆண்டுக்கணக்கில் நன்றாக உழைக்கும்.

மூன்றாவது வகை முழுக்க முழுக்க பிளாஸ்டிக்கே. பால், பழச்சாறு அட்டைப் பெட்டிகளிலிருந்து காகிதக் கூழைப் பிரித்தபின் மிஞ்சும் பாலிஎத்திலீனையும் அலுமினியத்தையும் அழுத்திச் செய்யும் கூரைத் தகடு, உறைகளை அரைத்து அழுத்தும் பலகை ஆகியவை இதில் அடங்கும். அலுமினியம் பளபளப்பதால் உலோகத் தகடு போலத் தோன்றும். ஆனால் அதில் முக்கால் பங்குக்குக் குறையாமல் இருப்பது பாலிஎத்திலீன். இரண்டு தகரத்துக்கு நடுவே தெர்மாகோலையோ நுரையையோ வைத்த பலகைகளும் இங்கேதான் சேரும். தீ உள்ளே நுழைந்ததும் தெர்மாகோல் சுருங்கி வழிவிட, தகரங்களுக்கு இடையில் ஒரு புகைபோக்கி உருவாகிவிடும். வெளியே நின்று தண்ணீர் பீய்ச்சுபவருக்கு உள்ளே தீ எங்கே ஓடுகிறது என்று தெரியாது.

லைட்டர் சொல்லாத உண்மை

இத்தகைய பலகையை விற்பவர் ஒரு வேடிக்கை காட்டுவார். லைட்டரைக் கொளுத்திப் பலகையின் மேல் சில நொடி பிடிப்பார். கருக்கும், பற்றாது. ‘பாருங்க அண்ணே, தீயே பிடிக்காது’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். ஆனால் லைட்டர் சூடாக்குவது ஒரு விரலகல இடத்தை. சுற்றிலும் உள்ள குளிர்ந்த பகுதி அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அறைக்குள் மெத்தை எரியும்போது நடப்பது வேறு. சூடான புகை மேலேறிக் கூரையின் அடியில் தேங்கும். அதன் வெப்பம் 500, 600 டிகிரியை எட்டும்போது அறையில் உள்ள அத்தனை பொருளும் கதிர்வீச்சால் சூடேறி ஏறக்குறைய ஒரே கணத்தில் பற்றிக்கொள்ளும். அந்தப் புகைக்கடலில் முதலில் மூழ்குவது கூரை. வீட்டின் உறுப்புகளில் தீயிடம் அதிகம் அடிபடுவது கூரைதான். நாம் பிளாஸ்டிக்கை ஏற்ற நினைப்பதும் அங்கேதான்.

அதனால்தான் ஆய்வகங்கள் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்கின்றன. இந்தப் பொருள் எவ்வளவு எளிதில் பற்றும், எவ்வளவு வெப்பமும் புகையும் விடும் என்பது ஒன்று. இதால் கட்டிய சுவர் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு ஐ.எஸ். 3809 என்ற இந்தியத் தரம் இருக்கிறது. உலக அளவில் வழக்கமான உலைச் சோதனையில் முழுச் சுவரையும் வைத்து, அரை மணியில் சுமார் 840 டிகிரி, ஒரு மணியில் சுமார் 945 டிகிரி என்று சூட்டை ஏற்றுவார்கள். சுவர் இடிகிறதா, விரிசல் வழியே சுடர் பாய்கிறதா, மறுபக்கத்தின் சராசரிச் சூடு 140 டிகிரிக்கு மேல் உயர்கிறதா என்று பார்ப்பார்கள். எத்தனை நிமிடம் தாங்கியதோ அதுதான் அதன் மதிப்பெண். ரூர்க்கியில் உள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தில் தீ ஆய்வுக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. இந்தியத் தரம் எழுதப்படாத புதிய பொருள்களை மதிப்பிட்டுச் சான்று வழங்க மத்திய வீட்டுவசதி அமைச்சகத்தின் கீழ் கட்டுமானப் பொருள் மற்றும் தொழில்நுட்ப ஊக்குவிப்புக் குழுமம் இருக்கிறது. வழி இல்லாமல் இல்லை.

இங்கே கழிவுக்கே உரிய ஒரு சிக்கலும் சேர்கிறது. ஆலையில் செய்யும் புதுப் பிளாஸ்டிக்குக்குச் சேர்மானம் தெரியும். குப்பையிலிருந்து வருவதற்குத் தெரியாது. இன்று பால் கவர் அதிகம், நாளை பழைய டி.வி.யின் முதுகு, மறுநாள் பேனர். சோதனைக்கு அனுப்பிய துண்டு தேர்ச்சி பெற்றால் அது அந்தத் துண்டுக்கான சான்று. அடுத்த லோடு வேறு பொருளாகவே இருக்கலாம். ஆகவே தீப் பாதுகாப்பு ஆய்வகத்தில் தொடங்குவதில்லை, குப்பையைத் தரம் பிரிக்கும் கொட்டகையில் தொடங்குகிறது. பி.வி.சி.யைத் தனியே ஒதுக்கும் தூய்மைக் காவலரின் கை, பின்னாளில் ஒரு குடும்பத்தின் மூச்சைக் காக்கும் கை.

மருந்தும் அதன் விலையும்

எரியாமலிருக்க மருந்து சேர்க்க முடியாதா? முடியும். அலுமினியம் ஹைட்ராக்சைடு என்ற வெள்ளைத் தூள் 200 டிகிரிக்கு மேல் சிதைந்து, தன் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீராக வெளிவிடும். அது சூட்டைக் குடித்து, நீராவியால் எரிவாயுவின் செறிவைக் குறைக்கும். நச்சில்லாத நல்ல மருந்து. ஆனால் பாலிஎத்திலீனை அடக்க எடையில் பாதிக்கு மேல், சுமார் 60 சதவீதம் வரை சேர்க்க வேண்டியிருக்கும். எடை கூடும், விலை கூடும், பலகை நொறுங்கும் தன்மை பெறும். மலிவு, இலகு என்ற இரண்டு வாக்குறுதிகளும் அங்கே தளர்கின்றன. புரோமின் சேர்மங்கள் குறைந்த அளவிலேயே வேலை செய்யும். ஆனால் அவற்றில் சில மண்ணிலும் உடலிலும் அழியாமல் தங்குபவை என்று கண்டறிந்து உலக நாடுகள் தடைசெய்தன. தெர்மாகோலில் சேர்த்துவந்த அத்தகைய ஒன்றுக்கு இந்தியாவும் 2018-இல் தடை விதித்தது. பழைய மின்சாதன உறைகளை உருக்கினால் அவை மீண்டும் வீட்டுக்குள் வரும்.

இவற்றைவிட எளிய காப்பு ஒன்று நம்மிடம் பழக்கத்திலேயே உள்ளது. அது பூச்சு. தரமான சிமென்ட் பூச்சோ, ஜிப்சம் பலகையோ, தடித்த மண் பூச்சோ தீக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே நின்று, உள்ளே இருப்பவர்கள் வெளியேறும் நேரத்தை வாங்கித் தரும். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் முழுக்க ஆவியாகும்வரை பலகையின் மறுபக்கம் பெரிதாகச் சூடேறாது. மண்ணின் அருமையை வானூருக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆரோவில் மண் நிறுவனம் சிறிது சிமென்ட் கலந்து அழுத்திச் செய்யும் மண் கற்களால் மாடிக் கட்டடங்களே எழுப்பிக் காட்டியிருக்கிறது. அந்தக் கல்லில் எரிவதற்கு ஒன்றுமில்லை.

ஏற்கெனவே கொடுத்த விலை

எரியும் கூரையின் பாடம் தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரியும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் பற்றிய தீ, மேலே இருந்த கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைக் கொன்றது. அதே ஆண்டு ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் திருமணப் பந்தல் எரிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கும்பகோணத்துக்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்றினோம். 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கட்டடம் எரிந்து 72 பேர் மாண்டார்கள். அதன் வெளிச்சுவரை அழகுபடுத்தப் பொருத்திய பலகை, இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் பாலிஎத்திலீன் கொண்டது. நம் பால், பழச்சாறுப் பெட்டியில் இருக்கும் அதே கூட்டணி. வசதியும் விதிகளும் நிறைந்த நாட்டிலேயே, சோதனை முடிவுகளை மறைத்ததற்கும் சரிபார்க்காததற்கும் கொடுத்த விலை அது.

கீற்றை அகற்றிவிட்டு, எடைக்கு எடை அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெப்பம் தரும் பொருளை அதே இடத்தில் வேய்வது முன்னேற்றமாகாது. ஏழைக்குக் கொடுக்கும் மலிவான கூரை என்பதற்காக அதன் தீச் சோதனையும் மலிவாக இருக்கலாம் என்று நினைப்பது அநியாயம். தீயணைப்பு வண்டி வந்துசேர நேரமாகும் கிராமத்துக்குத்தான் அதிகம் தாங்கும் கூரை வேண்டும்.

பிளாஸ்டிக் கழிவுக்குக் கட்டுமானத்தில் இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சாலை, பேவர் பிளாக், சுற்றுச்சுவர், பூங்கா இருக்கை, மரக் கூண்டு என்று மண்ணை ஒட்டியும் வெட்டவெளியிலும் அதற்கு எவ்வளவோ இடம் இருக்கிறது. வீட்டுக்குள் வருவதானால் சிமென்ட்டின் பிடிக்குள், சிறு அளவில், பூச்சின் மறைவில் வரட்டும். சமையலறைக் கூரையிலும் படுக்கும் அறையிலும் படிக்கட்டிலும் வெளியேறும் வழியிலும் முழுப் பிளாஸ்டிக் தகடு வேண்டாம். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வேண்டவே வேண்டாம்.

இத்தகைய கல்லோ தகடோ வாங்கப் போகும் வீட்டுக்காரரும், ஊராட்சிக்காக வாங்கும் தலைவரும், மகளிர் குழு தொடங்கி அதைச் செய்யப் போகிறவர்களும் நான்கு கேள்விகள் கேளுங்கள். இதில் பசை சிமென்ட்டா, பிளாஸ்டிக்கா? எந்தெந்த பிளாஸ்டிக், அவை எப்படித் தரம் பிரிக்கப்பட்டன? எந்த ஆய்வகம், எந்தத் தரத்தின்படி, எத்தனை நிமிடம் சோதித்தது? சோதித்தது துண்டையா, கட்டிய சுவரையா? நான்குக்கும் எழுத்தில் பதில் வந்தால் வாங்குங்கள். பதிலுக்குப் பதில் லைட்டரை எடுத்துக் காட்டினால், அந்தப் பொருளை உங்கள் பிள்ளைகள் தூங்கும் இடத்துக்கு மேல் ஏற்றாதீர்கள்.